கிழக்கு பார்க்காத பாத்தி

"அத்தை, எழுந்து வீட்டுக்குள்ள போங்க. என் பொழப்புல மண்ணைப் போடாதீங்க," என்றான் ஹாஸ்கல்.

வெர்டி அசையவில்லை. வீட்டுக்குப் பின்னால், பாறைகள் துருத்திக்கொண்டிருந்த மலைச்சரிவில், பூப்பாத்தியின் ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். தரையோடு தரையாகப் படர்ந்திருந்த ஃப்ளாக்ஸ் பூங்கொடி, இளஞ்சிவப்புப் பாய் விரித்த மாதிரி பூத்துக் கிடந்தது. கல்லும் சரளையுமான அந்த இடத்தில் புல்கூட ஒழுங்காக முளைக்காது. இது மட்டும் ஏப்ரல் வந்துவிட்டால் இலை தெரியாமல் பூத்துத் தள்ளும்.

சரிவின் அடியில் புல்டோசர் உறுமிக்கொண்டிருந்தது. ஹாஸ்கல் கையைக் காட்டினால் போதும், ஏறி வந்துவிடும். நிலக்கரிக் கம்பெனியின் பாதை இந்த வழியாகத்தான் போகிறது. சின்ன வயதில் பாதி நாள் இந்த வீட்டு சோளரொட்டியைத் தின்று வளர்ந்தவன் அவன். கிழவியிடம் இவன் பேசினால் எடுபடும் என்றுதான் கம்பெனி இவனை அனுப்பியிருந்தது.

"அடியில இருக்கிற கரியை உங்க மாமனார் காலத்துலயே வித்தாச்சு. அதை எடுக்கப் பாதை போடறாங்க. நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க?"

"கல்லறை இருந்தா கைவைக்கக் கூடாது இல்ல?"

"கூடாதுதான். இங்க ஏது கல்லறை?"

"இதுதான்." பூவின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

ஹாஸ்கலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மலையில் கல்லறைகளின் மேல் ஃப்ளாக்ஸ் நடுவது எல்லாக் குடும்பத்துக்கும் உள்ள வழக்கம். மேட்டுக் கல்லறைத் தோட்டம் முழுக்க இதே பூதான். அத்தைக்கு யோசனை எங்கிருந்து வந்தது என்று அவனுக்குப் புரிந்துபோயிற்று.

"யாரோட கல்லறை?"

"பழசு."

"பேரு?"

அவள் பூவுக்கு நடுவே முளைத்திருந்த ஒரு களையைப் பிடுங்கி எறிந்தாள்.

அவன் பாத்தியைச் சுற்றி வந்தான். ஓரத்தில் கற்களை வரிசையாகப் பதித்திருந்தாள். ஓர் ஆள் நீளம் இருக்கும். பாறைக்குப் பாறை தாவி ஓடக்கூடிய கொடியை, கல்லைத் தாண்டவிடாமல் ஒட்ட வெட்டி வைத்திருந்தாள். குனிந்து ஒரு நுனியைத் தூக்கிப் பார்த்தான். அடித்தண்டு விறகாக முற்றிப் போயிருந்தது. நேற்று இன்று நட்ட செடி இல்லை.

"செடி பழசுதான், ஒத்துக்கறேன். இத்தனை வருஷமா பாறைத் தோட்டம்னு சொல்லிட்டு இருந்தீங்க. இப்ப கல்லறைங்கறீங்க. பொய் சொன்னா பொருந்தச் சொல்லணும் அத்தை."

"எது பொருந்தல?"

"மேட்டுல நம்ம ஆளுங்களை எப்படி வச்சிருக்கோம்? அத்தனை பேரும் கிழக்கு பார்த்து. கடைசி நியாயத்தீர்ப்பு நாள்ல எழுந்து உட்காரும்போது மூஞ்சியில சூரியன் படணும்னு. எங்கப்பாவும் அப்படித்தான், போன வருஷம் செத்துப்போன மாமாவும் அப்படித்தான். இது வடக்கு தெற்கா குறுக்கே கிடக்கு. இந்தப் பக்கம் எவன் பிணத்தை இப்படிப் போடுவான்?"

வெர்டியின் முகம் வெளுத்துப்போயிற்று. அவனுக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தோடு கூடவே பழைய கோபமும் கிளம்பியது.

"இதெல்லாம் உங்களை ஏன் பேசவிடணும்? உங்க பிள்ளை லோனி வந்து பேசட்டுமே. டெட்ராய்ட்ல கார் ஃபாக்டரியில சொகுசா உட்கார்ந்திருக்கான்."

"அவனை விடு."

"எப்படி விடறது? சேர்ந்து போலாம்னு சொன்னவன் அவன்தான். நான் பெட்டி கட்டிட்டுக் காத்திருந்தேன். கடைசி மாசம் மூஞ்சி கொடுத்துப் பேசவே இல்ல. ஒருநாள் வந்து கேட்டா, 'போயிட்டான்'னு மாமா வாசல்லயே நின்னு சொல்றார். இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஒரு வரி போடல. அவன் கூப்பிட்டிருந்தா நான் ஏன் இந்தக் கம்பெனிக்காரனுக்குக் கைகட்டி நிக்கறேன்?" ஹாஸ்கலுக்கு மூச்சு வாங்கியது. "உங்களுக்காவது எழுதறானா?"

"இல்ல."

"மாமா சாவுக்கும் வரல. நன்றி கெட்டவன்."

"திட்டாதப்பா. அவனைத் திட்டாத. இந்த ஒரு பாத்தியை விட்டுட்டு மத்ததையெல்லாம் எடுத்துக்கச் சொல்லு. வீட்டைக்கூட இடிச்சுக்கட்டும்."

பூவுக்காக வீட்டைக் கொடுக்கிறாளே, கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தான் ஹாஸ்கல். இனிப் பேசிப் பயனில்லை. அவளைத் தாண்டி பாத்தியின் மேலேயே ஏறி நின்று, கீழே இருந்த ஓட்டுநருக்குத் தெரியும்படி கையை உயர்த்தினான்.

வெர்டி தட்டுத்தடுமாறி எழுந்து அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"தன் கையாலேயே உயிரை விட்டவனுக்குக் கிழக்கும் கிடையாது, மேட்டுல இடமும் கிடையாது, குறுக்கே போடுங்கன்னு போதகர் சொல்லிட்டார்," என்றாள். "ஊருக்குத் தெரியாம நானும் மாமாவும்தான் குழி வெட்டினோம். காலை எடு ஹாஸ்கல், லோனி டெட்ராய்ட்டுக்குப் போகவே இல்ல."