வீரபாகு வாங்கிய வண்டி

வீரபாகு புல்லட்டில் ஏறி உட்கார்ந்ததுமே அப்பாதுரை மேஸ்திரிக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

ஆறடி ஆள். இரண்டு பாதமும் தரையில் அழுந்தப் பதிந்தன. முட்டிகள் டாங்கை அணைத்துக்கொண்டன. குனியாமல் நிமிராமல் ஹேண்டில்பார் கைக்கு வாகாக வந்தது.

"இன்னா பொருத்தம்பா! உனக்குன்னே அளவெடுத்துச் செஞ்சாப்ல இருக்குது."

யாருக்கு எந்த வண்டி என்பதில் காஞ்சிபுரத்தில் மேஸ்திரி வைத்ததுதான் சட்டம். அன்றைக்கு அவருடைய மோட்டார் சைக்கிள் பட்டறையில் விலைக்கு நின்றவை இரண்டே. ஒரு புல்லட், ஒரு ஜாவா.

வீரபாகு இறங்கி ஜாவாவில் உட்கார்ந்தான். முட்டி போய் ஹேண்டில்பாரில் இடித்தது.

"ஆனை முக்காலி மேல குந்தினாப்ல இருக்குதுபா. எறங்கு."

அவன் இறங்கவில்லை. "கிக்கர் மிதிக்க எது லேசு, மேஸ்திரி?"

"ஜாவாதான்."

"சாஞ்சா நிமித்துறதுக்கு?"

"அதுக்கும் ஜாவாதான். ஏம்பா, இவ்ளோ ஒடம்ப வெச்சிக்கினு பயமா?"

"இதையே குடுத்துடுங்க."

தறி நெய்கிற கைக்கு இவ்வளவுதானா தெம்பு! மேஸ்திரிக்கு ஆறவேயில்லை. பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். "ஆள்தான் பனைமரம். தைரியம் ஒரு சாண் இல்ல."

மாதம் ஒன்று போயிருக்கும். தென்னேரியில் கட்டிக்கொடுத்த மகள் அம்சவேணிக்கு இரண்டாவது பிரசவம். விடிந்ததிலிருந்து வலி, பிள்ளை இறங்கவில்லை என்று தகவல் வந்தது. மேஸ்திரி போட்டது போட்டபடி கிளம்பினார். வாலாஜாபாத்தில் இறங்கினால், தென்னேரி பஸ் போய்விட்டிருந்தது. உச்சி வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தார்.

வாசலில் கால் வைக்கும்போதே குழந்தை அழும் சத்தம்.

சம்பந்தியம்மாள் பெரியநாயகி ஓடி வந்தாள். "பேரன் பொறந்திருக்கான் சம்பந்தி! நர்ஸம்மா அரைமணி கழிச்சு வந்திருந்தா ரெண்டு உசுரும் தங்கியிருக்காது."

மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். வேலியோரம் அந்த ஜாவா. பக்கத்தில் வீரபாகு.

"நீ எங்கப்பா இங்க?"

"நர்ஸு என் வூட்டுக்காரிதான், மேஸ்திரி."

உள்ளேயிருந்து கமலாட்சி கையைத் துடைத்தபடி வந்தாள். புருஷனின் தோளுக்குக்கூட எட்டாத உருவம்.

மேஸ்திரி வீரபாகுவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல நேரத்துல வண்டிய வெரட்டிக்கினு வந்து சேத்தியேப்பா!"

வீரபாகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்:

"நான் எங்க மேஸ்திரி ஓட்டுனேன்? ஓட்டிக்கினு வந்தது அவ. நான் மருந்துப் பையப் புடிச்சிக்கினு பின்னால குந்திக்கினு வந்தேன்!"