சாம்பிராணிச் சட்டி

லண்டன் செவன் கிங்ஸில் இப்போதுதான் விடிகிறது. வீட்டு வாசலில் நிற்கும் கார் முழுக்க வெள்ளையாக உறைபனி. காரின் கூரைமேல் பூட்டிய கூடாரத்துக்கு ஏறும் ஏணியில் நின்று தர்மிகா கணவனைக் கூப்பிடுகிறாள். ஸ்கொட்லாந்து போகுமுன் ஓர் இரவு படுத்துப் பார்க்க ஏறிய விதுசனிடமிருந்து பதிலே இல்லை. காற்றுவழி எல்லாம் பூட்டிக்கிடக்கிறது, வாசலை இழுத்து மூடும் சிப்பும் பனியில் இறுகிவிட்டது. அவள் குசினிக்கு ஓடி இறைச்சிக் கத்தியோடு வந்து துணியில் குத்தி, கீழ்வரை கிழிக்கிறாள். உள்ளிருந்த வெக்கை முகத்தில் அறைகிறது. அவன் தலைமாட்டில் சாமியறைச் சாம்பிராணிச் சட்டி, நிறையக் கரி, இன்னும் சிவந்த தணல். பக்கத்தில், தர்மிகா மறித்ததால் வராமல் போன மகளின் குட்டித் தலையணை. வெறுங்கையால் சட்டியைத் தூக்கி வெளியே எறிகிறாள். பனியில் விழுந்த தணல் சீறுகிறது. அவன் தலைமயிரைப் பிடித்துக் கிழிசலுக்கு வெளியே இழுத்து, வெந்த கையாலேயே கன்னத்தில் அறைகிறாள். மறு கன்னத்திலும் அறைகிறாள். உதடு வெடித்து இரத்தம் வருகிறது. அவன் இருமி, கார்க் கண்ணாடியில் வழியச் சத்தியெடுக்கிறான்.

“கரியை மூட்டிப்போட்டு இப்பிடிப் பூட்டிப் படுத்தால் ஆள் செத்துப்போகும் எண்டு தெரியாதோ உங்களுக்கு?”

அவன் மெல்லக் கண் திறக்கிறான். ஓங்கிய கை நிற்கிறது.

“நல்ல சூடப்பா,” என்று முனகுகிறான். “பிள்ளையையும் விட்டிருக்கலாம் நீர்.”

நின்ற கை, இம்முறை பொத்திய முட்டியாக அவன் முகத்தில் இறங்குகிறது.