உம்மணாமூஞ்சியின் விமர்சனம்

பூட்டுக்காரர் கதவில் துளை போடுகிற சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வந்ததும் வராததுமாக, எங்கே என்றுகூடக் கேட்காமல் சோபாவை நகர்த்தி, அதன் பின்னால் மறைந்திருந்த பிளக் பாயிண்டில் டிரில்லைச் செருகி, வேலையில் இறங்கிவிட்டார் மனிதர். சுறுசுறுப்பான ஆள்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

"இந்தப் பழைய பூட்டெல்லாம் ஒரு ஹேர்பின்னுக்குத் தாங்காது மேடம்" என்றவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "குரலைக் கேட்டதுமே கண்டுபிடிச்சிட்டேன். யூடியூப்ல படத்தையெல்லாம் கிழிக்கிற உம்மணாமூஞ்சி நீங்கதானே?"

அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. முகத்தைக் காட்டாமல் வெறும் குரலை வைத்துப் பேர் வாங்கியவள். எதற்கும் சிரிக்கமாட்டாள், எதற்கும் அழமாட்டாள் என்பதுதான் அவளுடைய பிழைப்பே.

"அந்தப் பேய்ப் படம் எப்படி மேடம்?"

"பேய் பரவாயில்லங்க. ஹீரோ பாட ஆரம்பிச்சதும்தான் பயந்துட்டேன்."

"காதல் படம்?"

"ரெண்டு பேரும் சேர்ந்துடக் கூடாதேன்னு இருந்தேன். கடைசில சேர்த்து வச்சுக் கெடுத்துட்டாங்க."

பூட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அந்த மூணு மாப்பிள்ளைங்க காமெடி சீரியல்?"

அவள் முகம் மாறிவிட்டது. "அதனாலதாங்க இந்தப் பூட்டே."

ஒரு இடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை என்று அந்தத் தொடரை வறுத்தெடுத்திருந்தாள். உண்மையில், அதில் வரும் மாமியார் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தபோது, அக்கம்பக்கம் கேட்டால் மானம் போய்விடும் என்று தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தவள்தான். ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டுத் தனியாகச் சிரித்ததற்குச் சாட்சி யார்?

தொடரின் ரசிகர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அது அவளுக்குப் பழகிப்போனது. ஒருவன் மட்டும் திட்டாமல், மரியாதையாக ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தான்: 'பொய் சொல்லாதீங்க.' நேற்று கூடவே இன்னொரு வரியும் வந்தது: 'நேர்ல வர்றேன்.'

"யாரோ அந்த சீரியல் பைத்தியம். தனியா இருக்கேனா, அதான் கதவிடுக்குல கிடந்த உங்க நோட்டீஸைப் பார்த்ததும் கூப்பிட்டேன்" என்றாள்.

"இனிமே ஒருத்தனும் உள்ள வர முடியாது மேடம்." பூட்டுக்காரர் கதவைச் சாத்தி, புதுப் பூட்டில் சாவியைத் திருகிக் காட்டினார். "இப்படிப் பூட்டிட்டா, வெளிய நின்னு யார் என்ன தட்டினாலும் திறக்காது."

"அப்பாடா!" சாவிக்காகக் கையை நீட்டினாள்.

அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நிதானமாக சோபாவில் உட்கார்ந்து, அங்கே கிடந்த தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் அந்த சீரியலைப் பார்த்ததே இல்ல மேடம். இதை வாயில வச்சு அழுத்திக்கிட்டு நீங்க சிரிச்சதைத்தான் பார்த்தேன்."