பேர் தெரியாத மானேஜர்

"பேரு தெரியாதவன் மேல எப்படிம்மா கேஸ் எழுதறது?" ஏட்டு பேனாவை மூடிவிட்டார். "மெட்ராஸ் மானேஜர்னு மட்டும் எழுதினா, மெட்ராஸ்ல இருக்கற மானேஜர் எல்லாம் என்னை அடிக்க வருவான். பேரும் ஊரும் கேட்டுட்டு வாங்க. அப்புறம் பாரு, நான் வந்து தூக்கறேன்."

சரசு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கம்மல் இருந்த காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தது. மகன் தருமனுக்கு உரக் கம்பெனியில் வேலை என்று, அந்தக் கம்மலை விற்றுத்தான் ஐந்நூறு ரூபாய் டெபாசிட் கட்டினாள். மாதங்கள் ஓடியதே தவிர வேலைக்கான உத்தரவு வரவில்லை.

துணைக்கு வந்திருந்தவள் எதிர்வீட்டுப் பச்சையம்மாள். கீழ்பென்னாத்தூர் சந்தையில் அவள் வாய்க்குப் பயந்து கள்ள எடைக்கல்லை மாற்றிப் போடும் வியாபாரிகள் உண்டு.

ஸ்டேஷனை விட்டு இறங்கியதுமே ஆரம்பித்தாள். "வேல குடுக்கறவன் நமக்குச் சம்பளம் குடுப்பான். நம்மகிட்டயே காசு கேக்கறவன் எங்கடி வேல குடுக்கப் போறான்? எம் புள்ள மெட்ராஸ்ல கம்பெனில சேந்தானே, ஒத்த ரூபா கட்டினானா? மாசம் பொறந்தா மணியார்டர் வருது."

"உங்க புள்ளயப் பாத்துதாங்க்கா எனக்கும் ஆசையே வந்தது."

"ஆசை வந்தா என்னை ஒரு வார்த்தை கேக்கறது இல்ல?"

கோயில் மதில் நிழலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்கள். புளிச்சோற்று எண்ணெய் இலையைத் தாண்டிப் பச்சையம்மாளின் புடவையில் கசிந்திருந்தது. மலை உச்சியில் கார்த்திகை தீபம் இன்னும் அணையவில்லை.

"தூக்குல கொண்டாந்திருப்பேன்" என்றாள் புடவையைத் தேய்த்துக்கொண்டே. "தீபத்துக்கு வந்த எம் புள்ள பொரி உருண்டையோட அதையும் எடுத்துக்கினு பூட்டான். எங்கம்மா பேரு வெட்டிக் குடுத்த தூக்கு. சரி, நீ அந்த மானேஜர் மூஞ்சியப் பாக்கவே இல்லயா?"

"இல்லக்கா. மத்தவங்கள ஒவ்வொருத்தரா உள்ள கூப்புட்டாங்க. நான் நம்ம ஊரைச் சொன்னதும் கிளார்க் மட்டும் உள்ள போய்ட்டு வந்தாரு. உங்களுக்கு இண்டர்வியூ வேணாம், இங்கயே பணத்தக் கட்டிடுங்கன்னாரு. சலுகைன்னு நெனச்சேன்."

"நல்ல சலுகை."

தேரடித் தெரு லாட்ஜின் மாடியில் இரண்டு அறைகளை எடுத்து 'வேலைவாய்ப்பு நிறுவனம்' என்று அட்டை மாட்டியிருந்தார்கள். முன்னறையில் கிளார்க் கண்ணாயிரம். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்குள் சிலோன் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

பச்சையம்மாள் படியிலேயே குரல் கொடுத்தாள். "எங்கய்யா உங்க மானேஜரு? பொம்பளைங்க கம்மலக் கழட்டினவன் மூஞ்சிய நான் பாக்கணும்."

ரேடியோ நின்றது.

"மானேஜர் கேம்ப் போயிருக்காரும்மா" என்றான் கண்ணாயிரம்.

"அப்ப இவ்ளோ நேரம் பாட்டு கேட்டது இன்னா, அவரு ஆவியா?"

கண்ணாயிரம் சிரித்து மழுப்பினான். மேசைக்கு அடியிலிருந்து ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்து வைத்து மூடியைத் திறந்தான். "உக்காருங்க. கோவம் ஜாஸ்தியா இருக்குது உங்களுக்கு. தீபத்துப் பொரி உருண்டை, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. அடுத்த வாரம் உத்தரவு வந்துடும்."

"பொரி உருண்டைக்கு ஏமாற நாங்க இன்னா கொழந்தைங்களா?" பச்சையம்மாள் தூக்கைப் பிடித்துத் தள்ளினாள். பிறகு அதை, பேர் வெட்டியிருந்த பக்கம் தன்னைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். மூடியை எடுத்து அவளே மூடினாள்.

சரசுதான் பேச வேண்டியிருந்தது. "மானேஜர் பேரயாவது சொல்லுங்கய்யா."

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதும்மா. கம்பெனி ரூல்."

"அக்கா, கேளுங்கக்கா."

பச்சையம்மாள் கேட்கவில்லை. சாத்திய கதவையே பார்த்தபடி நின்றாள். "வா சரசு, போலாம்" என்றாள். படியில் கேட்ட குரல் அதில் இல்லை.

கீழே வந்ததும் சரசுவுக்குத் தாங்கவில்லை.

"இன்னாக்கா இது? வர்ற வழியெல்லாம் அவ்ளோ பேசிட்டு, ஒரு பேரக் கேக்காம வந்துட்டீங்க. அவன் ஏமாத்தினான் சரி. உங்கள நம்பித்தானே பஸ் ஏறினேன், நீங்களும் கைய விட்டுட்டீங்க. உங்களுக்கு இன்னா, உங்க புள்ள நல்லா இருக்கான்."

 

கீழ்பென்னாத்தூர் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. சரசு அதை நோக்கி நடந்தாள். பச்சையம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்தாள். அந்தப் பிடியில் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. இருவரும் குனிந்து பார்க்கவில்லை.

ஸ்டேஷனில் ஏட்டு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "இன்னாம்மா, அதுக்குள்ள வந்துட்டீங்க? பேரு கெடச்சுதா?"

"எழுதிக்குங்க ஐயா" என்றாள் பச்சையம்மாள். "பேரு ராமதாஸ். ஊரு கீழ்பென்னாத்தூர். தேரடித் தெரு லாட்ஜ் மாடில, உள் ரூம்ல இருக்கான். இப்பவே போனா புடிச்சிடலாம்."

சரசு பிடித்திருந்த மேசை விளிம்பை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

ஏட்டு பேனாவைத் திறந்தார். "நெஜப் பேருதானா? இந்த மாதிரி ஆளுங்க ஊருக்கு ஒரு பேரு வச்சிருப்பானுங்க. யாரு சொன்னது உனக்கு?"

"நான் வச்ச பேருங்க ஐயா."