ஆவணி இருபத்தேழு

சக்கரபாணி குத்திய குத்தில் இட்லி தட்டை விட்டுத் துள்ளி அடுப்பு மேட்டில் போய் விழுந்தது. கையில் முள் கரண்டியோடு அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இன்னா பாவம் பண்ணிச்சு, மாமா?" என்று சிரித்தாள் அவர் மனைவி அம்சா. "பேசாம கையால சாப்புடுங்க. டூட்டிக்கு நேரமாவுது."

"இப்பவே பழகிக்கினாத்தான் ஆவும். அடுத்த திங்கக்கெழமை பாண்டிச்சேரியில, கடலோர ஓட்டல்ல, வெள்ளத் துணி போட்ட மேசையில நாம ரெண்டு பேரும் இதாலதான் சாப்புடப் போறோம். ஆவணி இருபத்தேழு, நம்ம கல்யாண நாளு!"

அம்சா சிரிப்பை நிறுத்திவிட்டு, விரல்விட்டு எதையோ எண்ணினாள்.

"செலவுக் கணக்கெல்லாம் போடாத. ரயில்வே பாஸு இருக்குது" என்றார் சக்கரபாணி.

விழுப்புரம் ஜங்ஷனில் கூட்ஸ் கிளார்க் சக்கரபாணியின் மறதி ரொம்பப் பிரசித்தம். விருத்தாசலம் போக வேண்டிய வேர்க்கடலை மூட்டைகளைக் காட்பாடிக்கு அனுப்பி வைத்தவர் அவர்தான். அதை ஸ்டேஷன் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவரும் அவரேதான்.

ஆனால் போன வாரம் பக்கத்து மேசை அந்தோணிசாமி கேட்டது மட்டும் சிரிக்கிற மாதிரி இல்லை. வருஷா வருஷம் கல்யாண நாளுக்குப் பெண்சாதியை வெளியூர் அழைத்துப் போகிறவர் அந்தோணிசாமி. "உமக்குப் பொண்டாட்டி பேராவது ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டுவிட்டார்.

அன்று முழுக்கச் சக்கரபாணிக்கு வேலை ஓடவில்லை. கட்டிக்கொண்டு வந்த நாளாய் அம்சா தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை. சமைத்தாள், பரிமாறினாள், மிச்சம் மீதியைச் சாப்பிட்டாள். ஒரு நாளாவது அவளை நாற்காலியில் உட்கார வைத்து இன்னொருவன் பரிமாற வேண்டும், அவள் வாயால் 'போலாம்' என்று கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை அவரைப் பிடித்து ஆட்டியது.

"காலையில செஞ்சி பஸ்சப் புடிச்சு மண்டகப்பட்டு" என்று திட்டத்தை விரித்தார். "மலையைக் கொடைஞ்ச கோயிலு. செங்கல்லு இல்ல, மரம் இல்ல, சுண்ணாம்பு இல்ல, அப்பிடியே நிக்குது. நம்ம குவார்ட்டர்ஸ்ல இது அத்தனையும் இருக்குது, ஒழுவிக்கினும் இருக்குது."

"நமக்கு எதுக்கு மாமா இதெல்லாம்? ஊர்ல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். எனக்கு அது பழக்கந்தான். சாயங்காலம் பாண்டிச்சேரி ரயிலு. பிரெஞ்சுக்காரன்தான் பாண்டிச்சேரிய வுட்டுப் போய்ட்டானே, சுங்கத்துல மூட்டையப் பிரிச்சுப் பாக்கற பேஜாரு கூட இல்ல. கடலு, லைட் ஹவுஸு, அப்பறம் ஓட்டலு. மொதல்ல சூப்பு குடுப்பான்."

"சூப்புன்னா?"

"ரசந்தான். சோத்த மறந்துட்டு, வெறும் ரசத்தக் கொண்டாந்து வெப்பான். என்னிய மாதிரி எவனோ ஒரு மறதிக்காரன் கண்டுபுடிச்சது."

அம்சா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சக்கரபாணிக்கு உற்சாகம் பொங்கியது.

"ஆனா கல்யாணத்த மறப்பனா? திண்டிவனத்துச் சத்திரத்துல ரெட்ட நாயனம், பேண்டு வாத்தியம். மாப்பிள்ளை ஊர்வலத்துல காரு நின்னு போச்சு. மாலையும் கழுத்துமா பேக்கு மாதிரி உள்ளயே குந்திக்கினு இருந்தேன் நானு."

"ஆமா, சத்திரத்து வாசல் வரைக்கும் தள்ளிக்கினே வந்தோமே" என்றாள் அம்சா.

"மாப்பிள்ளையத் தள்ளிக்கினு வந்து கல்யாணம் பண்ண ஊரு உங்க ஊரு ஒண்ணுதான். இறங்கி நானும் ஒரு கை குடுக்கலாமான்னு கூட யோசிச்சேன். வேட்டி அவுந்துட்டா இன்னா பண்றதுன்னு பயந்துக்கினு இருந்துட்டேன்."

அம்சா மறுபடி சிரித்தாள். சிரித்தபடியே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அடுப்பு மேட்டில் கிடந்த இட்லியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"வர்றியா இல்லியா, ஒரு வார்த்த சொல்லு" என்றார் சக்கரபாணி. குரலில் விளையாட்டு இல்லை. "நீ ஆசப்பட்டு ஒரு எடத்துக்கும் போனதில்ல. உன்னிய நான் கூட்டிக்கினு போவணும், அம்சா."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"போலாம், மாமா. எனக்கும் ஆசையாத்தான் இருக்குது."

சக்கரபாணிக்குத் தலைகால் புரியவில்லை. முள் கரண்டியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "ஜல்தியா போய் லீவு சொல்லிட்டு வர்றேன். அந்தோணிசாமி வாய மொதல்ல அடைக்கணும்" என்று வாசலுக்கு ஓடிச் செருப்பில் காலை நுழைத்தார்.

"மாமா, நாள மட்டும் மாத்திக்கலாமா?"

"நாள மாத்தினா அது எப்பிடி கல்யாண நாளாவும்? அன்னிக்கி உனுக்கு இன்னா வேல?"

"வேலையெல்லாம் ஒண்ணும் இல்ல." அம்சா தட்டை எடுத்தாள், மறுபடி கீழே வைத்தாள். "தை மாசம் போலாம். நமக்கு தையிலதான ஆச்சு? மயிலம் கோயில்ல."

சக்கரபாணிக்கு ஒரு செருப்புத்தான் மாட்டியிருந்தது. இன்னொன்றைக் கால் தேடவில்லை.

"அப்ப... ஆவணி இருபத்தேழு?"

"அது, செத்துப்போன எங்க அக்காவுக்கு நீங்க தாலி கட்டின நாளு, மாமா."