ஆலா பாயும் நேரம்

கை நடுக்கம் வந்தபின் மரியதாசன் கேமராவைத் தொடவே இல்லை. மூன்று வருடம் கழித்து இன்று மனைவி ஜெசிந்தாதான் அவரை முட்டம் பாறைக்கு அழைத்துவந்தாள். ஆலாக்கள் அந்தரத்தில் சிறகடித்து நின்று, மீனைக் கண்டதும் தலைகீழாகக் கடலில் பாய்ந்தன. அவர் கேமராவை அவளிடம் நீட்டினார்.

“எனக்கு இதெல்லாம் வராதுங்க.”

“மூக்கைக் கீழ திருப்பும்போதே அமுக்கிடு. தண்ணியத் தொட்டபிறகு அமுக்கினா நுரைதான் கிடைக்கும்.”

ஒரு ஆலா மூக்கைத் திருப்பியது. “இப்போ!” என்று கத்தினார். கழுத்து நீள, வாய் பிளந்து நின்ற அவருடைய அந்த முகத்தைக் கல்யாணமான புதிதில் இதே பாறையில் எத்தனையோ சாயங்காலம் ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறாள். கேமராவை அவர் பக்கம் திருப்பி அமுக்கினாள்.

“கிடைச்சுதா?”

“கிடைச்சுது.”

“எங்கே, காட்டு.”

“வீட்டுல போய்ப் பாக்கலாம்” என்று ஜெசிந்தா கேமராவை மடியில் வைத்துப் பொத்திக்கொண்டாள்.