விரட்ட ஓர் ஆள்

கார் நிழலில் நாளெல்லாம் சுருண்டு கிடக்கும் தெருநாய் கருவாயன், மூக்கில் உட்கார்ந்த ஈயைக்கூட விரட்டாது. ஒருநாள் விடியற்காலையில் எதிர்வீட்டுத் தொப்பைக்காரர் புது ஷூ மாட்டிக்கொண்டு தெருவில் ஓடினார். கருவாயனுக்கு வந்ததே கோபம்! குரைத்துக்கொண்டே தெருமுனை வரை துரத்தியது.

மறுநாளும் அவர் ஓடினார், இதுவும் துரத்தியது. அப்படியே மாதங்கள் போயின.

"இப்பல்லாம் படுத்தா அடிச்சுப்போட்ட மாதிரி தூக்கம் வருது. பழைய சோறுகூட ருசிக்குது. யாரைப் பார்த்தாலும் எரிஞ்சு விழுவேனே, அதுவும் இல்ல. ஏன்னே தெரியல!" என்று மதில்மேல் இருந்த பூனையிடம் துள்ளித் துள்ளிச் சொன்னது கருவாயன். "அந்த ஆளைத்தான் இன்னும் விரட்டி முடியல. நாளைக்குப் பாரு, வரவே மாட்டான்!"

மறுநாள் அவர் வரவேயில்லை.

கருவாயனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் அவர் வீட்டு கேட்டில் முன்னங்கால்களை ஊன்றி, தொண்டை கிழியக் குரைத்தது.

"அதான் ஜெயிச்சுட்டியே, அப்புறம் ஏன் கத்தற?" என்றது பூனை.

"அட போ! வெளிய வந்தாத்தானே விரட்ட முடியும்? யோவ், விடிஞ்சிருச்சு, ஷூவை மாட்டுய்யா!"